பரணில் ஏறிய நாற்காலிகள்

ஒரு வீட்டுக்குள் முதல்முறையாக நுழையும்போது என் கண் முதலில் பரணுக்குத்தான் போகும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில். அங்கும் இல்லையென்றால் கொல்லையில், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில். மடக்கிய சக்கர நாற்காலி, பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத வாக்கர், பிள்ளை வளர்ந்துவிட்டதால் காலுக்குச் சேராத காலிப்பர். எல்லாம் ஏதோ ஒரு முகாமில் வரிசையில் காத்திருந்து வாங்கியவை. "நல்ல சாமான்தான் மேடம், நம்ம வீட்டுக்குத்தான் தோது வரல" என்பார்கள், கொடுத்தவரைக் குறை சொன்னதாகிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு.

அந்தச் சாமான் எந்த இடத்தில் நின்றுபோனது என்று துருவிக் கேட்பேன். பெரும்பாலும் ஒரு கதவில் போய் முடியும். மடக்கு நாற்காலியின் இருக்கை 18 அங்குலம் என்றால், இரண்டு பக்கமும் சக்கரமும் கைவளையமும் சேர்ந்து மொத்த அகலம் 25 அங்குலத்தைத் தொட்டுவிடும். எங்கள் பக்கத்துக் கிராம வீடுகளில் கழிவறைக் கதவு இரண்டடி இருந்தாலே பெரிது. அதற்கு முன்னால் ஒரு படி, படிக்கு முன்னால் ஈரத் தரை. நாற்காலி நடுவீட்டோடு நின்றுவிடும். சில நாளில் அதில் துணி காயும், பிறகு பரணுக்குப் போய்விடும்.

இது வறுமையால் மட்டும் வருவதும் இல்லை. அமெரிக்காவில் பெட்ஸி பிலிப்ஸ், ஹாங்சின் ஜாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 227 மாற்றுத்திறனாளிகளிடம் அவர்கள் வாங்கிய உதவிக் கருவிகளைப் பற்றிக் கேட்டு 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கருவிகளில் 29.3 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களாக அவர்கள் கண்டவை: பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, கருவி மிகச் சுலபமாகக் கிடைத்தது, சரியாக வேலை செய்யாதது, ஆளின் தேவையே மாறிப்போனது. சுலபமாகக் கிடைப்பது எப்படிக் காரணமாகும் என்று படித்த காலத்தில் எனக்குப் புரியவில்லை. வீடு வீடாகப் போன பிறகு புரிந்தது. யாரும் அளவெடுக்காமல், எதற்கு என்று கேட்காமல், கையில் வைத்துப் பழக்காமல் கொடுத்தால்தான் ஒரு கருவி அத்தனை சுலபமாகக் கிடைக்கும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில்தான் என் வேலை. ஊரில் எல்லோருக்கும் நான் 'பிசியோ மேடம்'. வித்தியாசம் கேட்பவர்களிடம் இப்படிச் சொல்வேன்: பிசியோதெரபிஸ்ட் உடம்பு அசைவதற்கு வழி பார்ப்பார், நான், காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும்வரை அந்த உடம்புக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று பார்ப்பேன். பல் துலக்க, வெளிக்குப் போக, குளிக்க, சேலை உடுக்க, சோறு அள்ள, பிள்ளைக்குத் தலை பின்ன, கடைக் கணக்கு எழுத. கை வராவிட்டால் கையைப் பழக்குவேன். பழக்கியும் வராவிட்டால் வேலையைச் செய்யும் விதத்தை மாற்றுவேன். அதுவும் போதாதபோதுதான் கருவி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, கருவியில் தொடங்குகிற இடங்களில்தான் பரண்கள் நிறைகின்றன.

இந்தத் தொழில் நம் நாட்டுக்கு வந்தது பெரிய ஆரவாரம் இல்லாமல்தான். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-இல் கமலா நிம்ப்கர் முதல் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் எங்களுக்கெல்லாம் தாய்வீடு என்றால் வேலூர். 1940-களின் பிற்பகுதியில் அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நிமிர்ந்த கையோடு வேலைக்குப் போனவர்கள் புண்ணோடு திரும்பிவந்தார்கள். உணர்ச்சி இல்லாத கைக்கு எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது தெரியாது. சுத்தியல் பிடியில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் உள்ளங்கை கிழியும். ஆகவே கையோடு சேர்த்துக் கருவியின் பிடியையும் மாற்ற வேண்டியிருந்தது. பிடியைத் தடிமனாக்கு, வழவழப்பாக்கு, சூட்டைத் தடு. இன்றைக்கும் சூடான டம்ளருக்கு மரப்பிடி போடும்போது நான் செய்வது அதே வேலைதான்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் எழுந்தது. எங்கள் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். நாற்காலி எங்கே இடிக்கும் என்பது அதில் உட்கார்ந்தவருக்குத் தெரிவதுபோல நின்றுகொண்டிருப்பவருக்குத் தெரியாது. ஆகவே என் வேலையில் கடைசித் தீர்ப்பை எப்போதும் உட்கார்ந்திருப்பவரிடம் விடுகிறேன்.

உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறி. பாளை சீவிக்கொண்டிருந்தவர் மட்டை நழுவி விழுந்ததில் கழுத்து முள்ளெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவச் சீட்டில் சி-6 என்று எழுதியிருந்தது. அதாவது தோளை அசைக்கலாம், முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டை மேலே தூக்கலாம். முழங்கையை நீட்டும் தசைக்கு வலு இல்லை. விரல்களில் ஒன்றுமே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்புவரை தினமும் காலையும் மாலையும் மரமேறிய கைகள்.

அந்த மணிக்கட்டு ஒன்று மிச்சமிருந்தது பெரிய வரம். நீங்களே செய்து பாருங்கள்: கையைத் தளர விட்டு மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கினால் விரல்கள் தாமாக உள்ளே மடங்கும், மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் விரியும். தசைநார்களின் நீளம் அப்படி. டெனோடீசிஸ் என்று சொல்வோம். விரலில் துளி வலுவில்லாதவரும் இந்த இழுப்பை வைத்து ஒரு பொருளைப் பற்றலாம், விடலாம். ஆனால் அந்தத் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாக வேண்டும். இங்கேதான் பாசமே குறுக்கே நிற்கும். அவருடைய தாயார் தினமும் எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக நீவி, உள்ளங்கையைப் பலகை மாதிரி நிமிர்த்திக்கொண்டிருந்தார். மகன் விரல் மடங்கிப் போய்விடுமே என்ற பயம் அவருக்கு. மணிக்கட்டும் விரலும் ஒருசேர நிமிர்ந்தபடி இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இறுக்கம் போய்விடும். பிறகு எந்தக் கருவியாலும் அதைத் திருப்பித் தர முடியாது. "ஆச்சி, எண்ணெய் தேயுங்க, வேண்டாங்கல. வெரல நிமித்தும்போது மணிக்கட்ட மடக்கித் தொங்க விட்டுருங்க. மணிக்கட்டத் தூக்கும்போது வெரல் மடங்கியே இருக்கட்டும்" என்று அவர் கையைப் பிடித்தே செய்து காட்டினேன். ஒரே வாரத்தில் என்னைவிட நேர்த்தியாகச் செய்தார்.

பனையேறிக்கு யுனிவர்சல் கஃப் கொண்டுபோயிருந்தேன். உள்ளங்கையைச் சுற்றி வரும் பட்டை. அதில் ஒரு சிறு பை. ஸ்பூனோ பிரஷ்ஷோ செருகிக்கொள்ளலாம். உலகம் முழுக்க சி-6 ஆட்களுக்குக் கொடுப்பது இதுதான். மாட்டிவிட்டேன், ஸ்பூனால் இரண்டு வாய் சாப்பிட்டார், கையைக் கீழே வைத்துவிட்டார்.

"கரண்டியால திங்கதுக்கு அம்மையே ஊட்டிரலாம்லா. ஆஸ்பத்திரில கெடக்கமாரியே இருக்கு. சோத்தப் பெசஞ்சு கையால அள்ளித் திங்கணும் மேடம். அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க."

"பாப்போம் அண்ணாச்சி. கொஞ்ச நாள் ஆகும்."

எங்கள் பாடநூல்களில் ஸ்பூனால் தானே சாப்பிட்டால் அவர் சாப்பாட்டில் சுயசார்பு அடைந்துவிட்டார், முழு மதிப்பெண். அந்த மதிப்பெண் எனக்கு வேண்டுமானால் போதும். அவருக்குச் சாப்பாடு என்பதே விரல் நுனியில் தொடங்குகிறது.

இட்லியில் ஆரம்பித்தோம். இட்லி பிடிக்கு நிற்கும், பிய்த்தால் பிரியும். மணிக்கட்டைத் தொங்கவிட்டு விரல்களை இட்லிமேல் வைப்பது, தூக்கினால் பற்றும், வாய்க்குக் கொண்டுபோய் மறுபடி தளர்த்துவது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டைத் தொடாமல் விலகி நின்றது. அதற்கு ஒரு சிறு ஸ்ப்ளிண்ட் செய்தேன். இதற்கென்று வரும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65, 70 டிகிரி வெந்நீரில் போட்டால் இளகும். கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் அந்த உருவத்திலேயே இறுகும். விலை கூடுதல். எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், பெரிய பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்து, திறந்த வெளியில் சூடு காட்டி விரித்துத் தகடாக்கிக்கொள்வதும் உண்டு. அவருக்கு அதுதான். பிறகு குழைய வடித்த சோறு. தட்டுக்கு விளிம்பு செங்குத்தாக நிற்க வேண்டும், சோற்றை அந்தச் சுவரில் தள்ளி உருட்டி எடுக்க. தட்டுக்கு அடியில் நனைத்துப் பிழிந்த துணி, நகராமல் இருக்க. பலகை நெஞ்சு மட்டத்துக்கு வந்தால் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். ஊன்றினால், நீட்டும் தசை இல்லாத குறை தெரியாது. சோறு சிந்தியது, குழம்பு மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்தது, அவர் விடவில்லை. ஒருநாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, யார் உதவியும் இல்லாமல் தட்டைக் காலி செய்தார். ஆச்சி கையலம்பத் தண்ணீர் கொண்டுவந்தபோது, "இருக்கட்டும், மணக்கட்டும்" என்றார்.

அந்த கஃப் வீணாகவும் இல்லை. அதில் தொடுதிரைக் குச்சியைச் செருகி அவர் செல்போனை இயக்கப் பழகினார். தட்டச்சுக்குப் பதில் குரல் பதிவு. எந்த ஊரில் யார் காய்ச்சும் கருப்பட்டி கலப்பில்லாதது, யார் சீனி சேர்ப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காய்ச்சுகிறவர்களையும் வாங்குகிறவர்களையும் போனிலேயே இணைத்துவிட்டு ஒரு தரகு எடுக்கிறார். ஸ்பூனுக்காகச் செய்த பட்டை வியாபாரத்துக்குப் போனது. சாப்பாட்டுக்குக் கருவியே தேவைப்படவில்லை, ஒரு துண்டு பைப்பைத் தவிர.

நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதி இரண்டு இருக்கை எலும்புகளின் மேல் விழுகிறது. நமக்கு வலிக்கும், நகர்ந்துகொள்வோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த வலி வராது. ரத்தம் ஓடாத சதை உள்ளுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். வெளியே சின்னதாகச் சிவந்திருக்கும்போது உள்ளே குழியே விழுந்திருக்கும். விபத்தில் பிழைத்தவர்கள் இந்தப் படுக்கைப்புண்ணில் போயிருக்கிறார்கள். அதனால் தகுந்த மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பலர் வீட்டில் டியூபைக் காற்றடித்து வளையமாகப் போட்டு உட்கார்த்துவார்கள். நடுவில் ஓட்டை இருந்தால் புண் படாது என்று எண்ணம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் நெரித்து ரத்தத்தை இன்னும் நிறுத்தும்.

மெத்தை சரியா என்று பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சக்கர நாற்காலிப் பயிற்சிக் கையேட்டில் உள்ள எளிய முறைதான்: மெத்தைக்கும் இருக்கை எலும்புக்கும் நடுவில் விரல் நுனியை விட்டுப் பார்க்க வேண்டும். விரலைக் கொஞ்சமாவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியாமல், ஆனால் உருவ முடிந்தால் எச்சரிக்கை. உருவவே கஷ்டமென்றால் அந்த மெத்தையில் அவர் உட்காரக் கூடாது. இதை வீட்டு ஆட்களுக்கே கற்றுக்கொடுத்துவிடுவேன். அளவும் அப்படித்தான். இடுப்பின் அகலமே இருக்கையின் அகலம். பெரிதாக இருந்தால் தாராளம் என்று நினைப்பார்கள். பெரிய இருக்கையில் இடுப்பு ஒருபக்கம் சாயும், முதுகு வளையும், கை எட்டாமல் தோள் தேயும். இருக்கையின் ஆழம் முழங்காலின் பின்பக்கத்துக்கு மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் முன்பாகவே முடிந்துவிட வேண்டும். தையற்காரர் சட்டைக்கு எடுக்கும் அளவைவிட ஒன்றிரண்டு கூடுதல், அவ்வளவே. ஆனாலும் எத்தனையோ பேருக்கு ஒரே அளவு நாற்காலிதான் கிடைத்திருக்கிறது.

வீடுகளில் நான் அதிகம் பேசுவது கழிவறையைப் பற்றி. சக்கர நாற்காலிக்கு வாசலில் சாய்தளம் வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கைக் கொத்தனாரே சொல்கிறார். கழிவறையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஓர் அக்கா. சுவர் இடிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செயலில்லை. அடிக்கடி காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். கணவர் வெளியே போனதும் சொன்னார்: "குடிச்சா அவுகதான தூக்கிட்டுப் போணும். வேலைக்குப் போற ஆள எத்தன தடவ கூப்பிட?" அவருடைய தொற்றுக்கான மருந்து அந்தக் கழிவறையின் கதவில் இருந்தது.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. உள்ளே நாற்காலி போனால் மூட முடியாது. கீலைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். பீங்கான் தரையோடு பதித்த இந்தியக் கழிவறை. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு மேலே வைப்பது ஊரில் வழக்கம். ஈர டைல்ஸில் அதன் கால்கள் விரிந்து ஒருநாள் பிளந்துவிடும். கடையில் விற்கும் கமோடு நாற்காலியில் இன்னொரு சிக்கல்: இருக்கை முன்பக்கம் மூடியிருக்கும். காகிதத்தால் துடைக்கும் ஊர்களுக்காக வடிவமைத்தது. நாம் தண்ணீர் ஊற்றிக் கையால் கழுவுகிறவர்கள். கை உள்ளே போக இடம் வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரரிடம் ஜி.ஐ. பைப்பில் நான்கு கால் வைத்து, முன்பக்கம் திறந்த இருக்கை ஒன்று செய்யச் சொன்னேன். உயரம் அவருடைய சக்கர நாற்காலியின் உயரமே இருக்க வேண்டும். இருந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கையூன்றி நகர முடியும். இருக்கைமேல் ஸ்பாஞ்சும் ரெக்சினும், ஏனென்றால் இரும்பு விளிம்பு அழுத்துவது அவருக்குத் தெரியாது. சுவரில் கைப்பிடி. மக்குக்கு ஓர் அடி நீளப் பிடி. பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து அளவெடுத்தார். மறுமாதம் போனபோது அந்த அக்காவின் கட்டிலருகே தண்ணீர்க் குடம் இருந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு முதல் வைத்தியம் அதுதான்.

நான் மறுமுறை போவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். முதல்முறை பொருத்தும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், மேடம் மனசு நோகக் கூடாதே என்று. இரண்டாவது முறைதான் உண்மை தெரியும்.

பக்கவாதத்தில் வலது கை போன ஓர் அம்மாவிடம் இதை நன்றாகப் பார்த்தேன். ஒரு கையால் காய் நறுக்கப் பலகை செய்துகொடுத்திருந்தேன்: இரண்டு துருப்பிடிக்காத ஆணிகள் மேல்நோக்கி நிற்கும், உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி ஒரு கையால் நறுக்கலாம்; மூலையில் இரண்டு சட்டம், வெங்காயம் உருளாமல் இருக்க. மறுமுறை போனபோது பலகை காய்ந்து சுத்தமாக இருந்தது. நறுக்குவது மருமகளாம். ஆனால் அடுப்பில் குழம்பு கொதித்தது, அதை வைத்தது அந்த அம்மாதான். நறுக்குவது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. புளி கரைப்பதும் உப்புப் போடுவதும் தாளிப்பதும்தான் அவருடைய அதிகாரம். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தது பாத்திரம் நகராத ஓர் ஏற்பாடு. பாடநூலில் டைசெம் என்ற ரப்பர் விரிப்பைச் சொல்லியிருக்கும். அவர் அட்டத்திலிருந்து பழைய பிரிமணையை எடுத்துவரச் சொல்லி, நனைத்த துணிமேல் வைத்து, அதன்மேல் சட்டியை உட்கார்த்திக் காட்டினார். இம்மி அசையவில்லை. அதற்குப் பிறகு பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் நானும் முதலில் பிரிமணை இருக்கிறதா என்று கேட்கிறேன். "ஒத்தக் கைக்காரிய அடுப்படில விட்டுருக்கான்னு ஊரு பேசும்" என்று மகன் தயங்கினான். சமைக்க ஆசைப்படுகிறவரைச் சும்மா உட்காரவைப்பதை ஓய்வு என்று நான் ஏற்கமாட்டேன். அவனிடம் அதைச் சொல்லிவிட்டு, எண்ணெய் தெறிக்காத தாளிப்புக் கரண்டியும் அடுப்புத் திருகுக்கு ஒரு நீளப் பிடியும் வாங்கித் தரச் சொன்னேன்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டேன். ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத சிறுமி. உடம்பு தன்னிச்சையாக முறுக்கிக்கொண்டே இருக்கும். பேச்சுக்குப் பதிலாகப் படங்களைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன், வித்யா சாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கிய ஆவாஸ் அவற்றில் முன்னோடி. அப்பா எப்படியோ பணம் புரட்டி டேப்லெட் வாங்கிவிட்டார். குழந்தையின் கை திரையில் எங்கெங்கோ பட்டது. "இவளுக்கு வராது போல மேடம்" என்று தாயார் கண்கலங்கினார்.

நான் டேப்லெட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். முதலில் அவள் உட்கார வேண்டும். இடுப்பு ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் விரல் எங்கே போய் நிற்கும்? தச்சரிடம் மர நாற்காலி செய்யச் சொன்னோம். இடுப்பு நேர்க்கோணத்தில் மடங்க, தொடைகளின் நடுவே ஒரு சிறு தடுப்பு, பாதம் முழுசாகப் பதிய பலகை, முன்னால் முழங்கை ஊன்ற ஒரு தட்டு. கால் பதிந்த அன்றே முறுக்கல் கொஞ்சம் தணிந்தது. பிறகு அட்டையில் ஒட்டிய பெரிய படங்கள், இரண்டே இரண்டு. வீட்டில் சோறு, தண்ணீர், பாத்ரூம் என்று படங்களை வரிசையாக எடுத்துவைத்திருந்தார்கள். நான் ஒரு பக்கம் 'வேணும்', மறுபக்கம் 'வேண்டாம்' என்று வைத்தேன்.

அவள் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது 'வேண்டாம்'. பாட்டி ரசச் சோற்றை நீட்ட, முழங்கையைத் தட்டில் இழுத்துக்கொண்டே போய் 'வேண்டாம்' மேல் கையைப் போட்டாள். பாட்டி திகைத்துவிட்டார். இத்தனை வருடம் அவள் ஆசையாகச் சாப்பிட்டதாக நினைத்த சோறு. அன்று வீட்டில் எல்லோரும் அவளிடம் ஒவ்வொன்றாக நீட்டி நீட்டிக் கேட்டார்கள், அவள் அலுக்காமல் மறுத்துக்கொண்டே இருந்தாள். டேப்லெட் அலமாரியிலிருந்து இறங்கியது அதற்குப் பல மாதம் கழித்து. இப்போது அவள் அண்ணனைத் திட்டுவதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். பேசத் தெரியாத பிள்ளைகளுக்குத் தேவைகளை மட்டும் கேட்கும் அட்டை கொடுப்பது போதாது. சண்டை போடவும் கதை அளக்கவும் சொற்கள் வேண்டும்.

உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை, கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் அறிக்கை வெளியிட்டன. நம் நாட்டில் கருவி கொடுக்கும் ஏற்பாடு பழையது. கான்பூரில் 1972-இல் தொடங்கிய அலிம்கோ நிறுவனம், 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம், மாநில அரசின் முகாம்கள் இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் பலர் தரையில் தவழ்ந்துகொண்டுதான் இருப்பார்கள். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: கொடுப்பதற்கு முன் ஒருமுறை வீட்டைப் பார்க்க வேண்டும், கொடுத்தபின் ஒருமுறை ஆளைப் பார்க்க வேண்டும். அதற்கான சம்பளத்தையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். கழிவறைக் கதவை அளக்கவும் அடுப்படியைப் பார்க்கவும் பழகிய ஆள் ஒருவர் அந்த வண்டியில் ஏறினால், என் மாவட்டத்தில் பாதிப் பரண் காலியாகிவிடும்.

கருவிகளும் மேம்பட்டு வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மையம் 2019-இல் கொண்டுவந்த அரைஸ் நாற்காலியில், உட்கார்ந்தவர் தாமாகவே எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம். அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை, ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது. அதில் உட்கார்ந்த ஓர் இளைஞன், முதல்முறையாக நாற்காலியைத் தன் உடம்பு மாதிரி உணர்ந்ததாகச் சொன்னான். விலையைக் கேட்டு அடங்கிப்போகிற குடும்பங்களுக்கு அந்தத் தொகை எந்த வழியில் கிடைக்கும் என்று மனு எழுதித் தருவதும் இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது.

ஆனால் எவ்வளவு நல்ல நாற்காலியும் எங்கள் செம்மண் தெருவில் ஓடத்தான் வேண்டும். முன்சக்கரத்தின் பேரிங்கில் மணலும் தலைமுடியும் சேர்ந்து இறுகும். பின்சக்கர டியூப் கருவேல முள்ளில் பஞ்சராகும். பிரேக் தளரும், பிரேக் தளர்ந்த நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது விழுந்து இடுப்பு முறித்தவர்கள் உண்டு. கம்பெனி ஆள் வருவதற்குள் அது பரணுக்குப் போய்விடும். அதனால் நாற்காலி ஒரு வீட்டுக்குள் போகும் அன்றே அந்த ஊரின் சைக்கிள் கடைக்காரரையும் வரவழைத்துவிடுகிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லி, பிரேக்கை இறுக்கிக் காட்டி, எந்த அளவு டியூப், எந்த பேரிங் என்று அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். பெரும்பாலானவர்கள் பஞ்சர் ஒட்டக் காசு வாங்குவதில்லை. வாங்குங்கள் என்று நான்தான் வற்புறுத்துகிறேன். இலவசமாகச் செய்தால் இரண்டாவது முறை கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்காரர்கள் நாற்காலியை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அவருடைய போன் நம்பரை முதுகுச்சாய்வின் பின்பக்கம் பெயிண்டால் எழுதியாயிற்று என்றால், அந்த வீட்டில் என் முதல் நாள் வேலை முடிந்தது.